கடலில் கண்மூடிய கருவி

கரையில் கண்திறந்து நிற்கும் கருவி கடலுக்குப் போனதும் கண்ணை மூடிக்கொள்கிறதென்றால் அது எந்த ஊர் நியாயம்? அன்று காலை வாகரைக் கடற்கரையில் கூடி நின்ற மீனவர் சங்கத்தார் அத்தனை பேரின் வாயிலும் இருந்த கேள்வி இதுதான். கேள்வி கருவியைப் பற்றியது. பார்வையோ, கருவியைப் படகில் பொருத்திப் பூட்டியவள் மீது இருந்தது.

அவள் பெயர் றஞ்சிதா. வயது முப்பத்தொன்று. பக்கத்துப் பால்சேனையில் பிறந்தவள். மட்டக்களப்பு நகரில் மின்னணுத் தொழில் படித்தவள். ஏறாவூரில் றிஸான் என்பவரின் கடையில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்பவள். படகுகளுக்கான ஜீ.பீ.எஸ். எனும் செய்மதி இடங்காட்டிகளை விற்கும் கடை அது. விற்பவர் றிஸான், பிரித்துப் பார்ப்பதும் பழுது நீக்குவதும் பூட்டுவதும் றஞ்சிதா. "மெசினுக்கு வாய் நான், கை அந்தப் புள்ள" என்று றிஸானே வருவோர் போவோரிடம் சொல்வார்.

முந்திய மாரியில் வாகரைப் படகொன்று மழைக்குள் கரையைத் தவறவிட்டு இரண்டு பகல் கடலில் அலைந்தது. அதன் பிறகுதான் சங்கம் பதினொரு படகுகளுக்கும் இடங்காட்டி பூட்டுவதென்று தீர்மானித்தது. பூட்டும் பொறுப்பை றஞ்சிதா கேட்டு வாங்கினாள். சொந்தக் கடற்கரையில், தன்னை அறிந்த மனிதர்களின் படகுகளில், தன் கையால் பதினொரு கருவிகள் இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்று சொல்வது குறைவு. அது அவளுடைய வைராக்கியம்.

முதற் படகு வீரகத்தியுடையது. ஐம்பத்தாறு வயது வீரகத்தி அந்தக் கரையின் மதிப்புக்குரிய கடலாளி. அவர் படகில் கருவி சரியாக வேலை செய்தால் மற்றப் பத்தும் தானாக வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் ஒரு தடை. கடலுக்குப் போகும் படகில் பெண் கால் வைக்கக்கூடாது. யார் சொன்னது, எப்போது சொன்னது, எதற்காகச் சொன்னது என்று கேட்டால் அங்கே பதில் சொல்ல ஆளில்லை. பதிலில்லாத கட்டளைக்குத்தான் இந்த மண்ணில் பலம் அதிகம்! வலை பின்னப் பெண் வேண்டும். மீனைக் காயப்போடப் பெண் வேண்டும். கூடை சுமந்து விற்கப் பெண் வேண்டும். புயலில் போனவன் திரும்பும்வரை கரையில் நின்று நெஞ்சிலடித்து அழவும் பெண் வேண்டும். படகின் பலகையில் அவள் பாதம் மட்டும் படக்கூடாது.

ஆகவே சங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. படகை மணலில் ஏற்றி வைத்தார்கள். பக்கத்தில் மூன்று மீன்பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கினார்கள். றஞ்சிதா அதன்மேல் ஏறி நின்று, படகின் விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்து, கால் வெளியேயும் கை உள்ளேயுமாக ஒரு முழுப் பகலும் வேலை செய்தாள். சுக்கான் பிடிப்பவர் உட்காரும் இடத்துக்கு எதிரே திரையைப் பொருத்தினாள். பற்றரியிலிருந்து வரும் சிவப்பு வயரில் பியூஸ் வைத்தாள். உப்புத் தண்ணீர் புகாதபடி ஒவ்வொரு துளையையும் பசையிட்டு அடைத்தாள். படகின் பின்பக்கத்தில் ஒரு முழ உயரத் தண்டு நட்டு, அதன் உச்சியில் காளான் போன்ற வெள்ளை அலைவாங்கியை நிறுத்தினாள். மாலையில் நிமிர்ந்தபோது விலா எலும்பின் நீளத்துக்கு ஒரு நீலக் கன்றல் இருந்தது. சுவிச்சைப் போட்டாள். வானத்திலிருந்து எட்டுச் செய்மதிகள் திரையில் எட்டுக் கோடுகளாக எழுந்து நின்றன. நான்கு போதும், எட்டு வந்தது. வலி மறந்துபோயிற்று.

"இந்தக் காளான்தான் மாமா மெசின்ட கண்" என்று வீரகத்திக்கு விளங்கப்படுத்தினாள். "மிச்சம் எல்லாம் சும்மா பெட்டி. வலை இழுக்கக்குள்ள இதில அடிபடாமப் பாத்துக்கொள்ளுங்க. இதத்தான் கவனமாக் காக்க வேணும்."

"ஓம் புள்ள. கண்ணப்போலக் காப்பன்" என்றார் அவர்.

மறுநாள் படகு கடலுக்குப் போனது. அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் எட்டுக் கோடுகளும் அணைந்தன. திரும்பிக் கரைக்கு வந்தபோது எட்டும் எழுந்தன. அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே கதை. றஞ்சிதா பெட்டிமேல் ஏறி நின்று வயர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பூட்டினாள், பியூஸை மாற்றினாள், அலைவாங்கியையே மாற்றினாள். கரையில் ஒரு குறையும் இல்லை. தன் கை எங்கே தவறியது என்று யோசித்து யோசித்து ஏறாவூருக்குத் திரும்பும் பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தையே ஒருமுறை தவறவிட்டாள்.

நான்காம் நாள் காலையில்தான் சங்கம் கூடியது.

"இஞ்ச பாருங்க தலைவர்" என்று தொடங்கினான் கேதீசன். நாற்பது வயது, இரண்டாவது கருவி அவனுடைய படகுக்கு வரவேண்டியது, வாய் மட்டும் எப்போதும் முதலாவது. "கரையில எட்டுக் கோடு, கடலில முட்டை. மெசினுக்குத் தண்ணியக் கண்டாப் பயமாக்கும். பூட்டின ஆளுக்கே கடல் தெரியா, மெசினுக்கு எப்படித் தெரியும்?"

கூட்டம் சிரித்தது.

"பூட்டின ஆளக் கடலுக்கு விடாதது ஆரு கேதீசண்ணன்?" என்று கேட்டாள் றஞ்சிதா.

சிரிப்பு நின்றது. சங்கத் தலைவர் வல்லிபுரம் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதர்கள்தான் சில வேளைகளில் கெட்ட வழக்கங்களுக்கு உறுதியான காவற்காரர்.

"கோவிக்காத புள்ள. உன்ட வேலையில நான் பிழை சொல்லல்ல. ஆனா மெசினுக்கு வருத்தம் வாறது கடலுக்க. அதப் பாக்கிற ஆள் போட்டுல ஏற வேணும். நீ ஏற ஏலா. மறுகா என்ன செய்ற? டவுனில இருந்து ஒரு ஆம்புளைய எடுப்பம். இதையும் மிச்சப் பத்தையும் அவரே பாக்கட்டும்."

றஞ்சிதா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினொன்றும் போயின. வேலை தெரியாததால் போகவில்லை. வேலையைச் சரிபார்க்கும் இடத்துக்கு அவளை விடாததால் போயின. கண்ணைக் கட்டிவிட்டு ஓடச் சொல்லி, விழுந்ததும் ஓடத் தெரியாதவள் என்று தீர்ப்புச் சொல்வது இதுதான் அல்லவா?

"நான் ஏறுறன்" என்றாள்.

"என்ன கதைக்கிறாய்?" என்றார் வல்லிபுரம்.

"வருத்தம் கடலுக்கயெண்டா நானும் கடலுக்க போக வேணும். ஒரு தரம் ஏத்திப் பாருங்க."

"மீன் படாம நாங்க பட்டினி கிடக்கவோ?" என்றான் கேதீசன். "மறுகா போட்டுக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சு, தேங்காய் உடைச்சு, ஐயரக் கூப்பிட்டு... உனக்கென்ன, நீ பஸ் ஏறிப் போயிருவாய்!"

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வீரகத்தியின் மனைவி சீனிப்பிள்ளை. சங்கக் கூட்டத்தில் பெண்கள் ஓரத்தில்தான் நிற்பார்கள். நிற்பார்களே தவிரப் பேசமாட்டார்கள். அவள் பேசினாள்.

"தலைவர், நான் ஒண்டு கேக்கட்டா? நாள் தவறாம விடிய நான் குளிச்சுப்போட்டு, கோயிலால கொண்டுவந்த அம்மாள்ற செப்புத் தகட்ட மஞ்சள் துணியில சுத்தி இவர்ட கையில குடுக்கிறன். அது போட்டுல ஏறுது. கடலுக்குப் போகுது. பின்னேரம் வீட்ட வருகுது. அந்தக் கண்ணகை அம்மாள் ஆம்புளையா, பொம்புளையா?"

அவள் ஓரடி முன்னே வந்தாள்.

"சொல்லுங்களன். அம்மாள் ஏறினா மீன் படும், இந்தப் புள்ள ஏறினா மீன் ஓடுமோ? பொம்புள போட்டுல ஏறப்படாதெண்டா இண்டைக்கு அம்மாளையும் இறக்கி வச்சுப்போட்டுப் போங்க. பாப்பம், ஆருக்குத் துணிவு இருக்கெண்டு!"

மேடைகளில் ஆயிரம் பேர் ஆயிரம் முறை முழங்கியும் அசையாத கல்லொன்றை அந்தப் பெண் ஒரு கேள்வியால் அசைத்துவிட்டாள். ஆண்கள் மணலைப் பார்த்தார்கள். கேதீசன் கூட மணலைத்தான் பார்த்தான். வீரகத்தி மட்டும் தன் மனைவியைப் புதிதாகக் காண்பவர்போல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"போட் என்ட. நான் ஏத்துறன்."

வல்லிபுரம் கேதீசன் பக்கம் திரும்பினார். "சரி. ஒரே ஒரு தரம். கேதீசன் சங்கத்துக்குச் சாட்சியாக் கூடப் போகட்டும். இண்டைக்கு மெசின் கடலில காட்டாட்டி மறுகா இந்தக் கதையே இல்ல. டவுன் ஆள்தான்."

"காட்டினா?" என்று கேட்டாள் றஞ்சிதா.

"காட்டினாப் பாப்பம்."

"பாப்பமெண்டு சொல்லாதீங்க. காட்டினா மிச்சப் பத்தும் நான்தான். ஏறி நிண்டு பூட்டுவன். இவ்வளவு பேருக்கு முன்னால சொல்லுங்க."

வல்லிபுரம் சுற்றிப் பார்த்தார். பெண்கள் ஓரத்திலிருந்து இரண்டடி முன்னே வந்திருந்தார்கள்.

"ஓம்" என்றார்.

அவள் படகில் கால் வைத்தாள். வானம் இடிந்து விழவில்லை. கடல் பின்வாங்கவில்லை. ஈரமான பலகை எந்த மனிதப் பாதத்தையும் தாங்குவதுபோல அவள் பாதத்தையும் தாங்கியது. பத்துக் கைகள் சேர்ந்து தள்ள, படகு மணலை விட்டு நீரில் இறங்கிற்று. வீரகத்தி இயந்திரத்தின் கயிற்றை இழுத்தார். கேதீசன் முன்பக்கத்தில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

றஞ்சிதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புறப்பட்ட இடத்தை மணலில் இருந்தபோதே 'கரை' என்று பெயரிட்டுக் கருவியில் பதித்திருந்தாள். எட்டுக் கோடுகள். படகு போகும் தடம் திரையில் ஒரு மெல்லிய கறுப்பு நூலாக நீண்டுகொண்டிருந்தது. இரண்டு கற்பாறைத் தொடர்களுக்கு இடையிலுள்ள குறுகிய வாயிலுக்குள் படகு நுழைந்தது. பாறைத் தொடரை அவர்கள் பார் என்பார்கள். தெரியாதவன் படகு அதில் பட்டால் இரண்டாகும். முதல் அலை தூக்கியது, இரண்டாவது நனைத்தது, மூன்றாவதைத் தாண்டியதும் கடல் அகன்றது. எட்டுக் கோடுகள் அப்படியே நின்றன.

"நிக்குது!" என்றாள். "அண்ணன், திரும்பிப் பாருங்க, எட்டு!"

கேதீசன் திரும்பிப் பார்ப்பதற்குள் வீரகத்தி இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். கரையை நோக்கி முகத்தைத் திருப்பினார். காலடியிலிருந்த மரப்பெட்டியைத் திறந்து மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்தார். கண்ணில் ஒற்றினார். அகன்ற செப்புத் தகடு உள்ளங்கையளவுக்கும் பெரியது. துணியோடு அதை அலைவாங்கியின் தலைமேல் குல்லாய்போல் கவிழ்த்து, வலை முடியும் தங்கூசி நூலால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

திரையில் எட்டு ஏழாயிற்று. ஐந்தாயிற்று. ஒன்றாயிற்று. பிறகு ஒன்றும் இல்லை.

றஞ்சிதா திரையைப் பார்த்தாள். தகட்டைப் பார்த்தாள். மூன்று நாள் தூக்கத்தைத் தின்ற பிசாசு மஞ்சள் துணி கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. அடுத்துக் கோபம் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"மாமா, இது எப்பவும் இதிலதான் கட்டுறதா?"

"இல்ல புள்ள. முந்தி அணியத்தில, முன்னால கட்டுவன். நீதானே சொன்னாய், இதுதான் கண்ணு, இதக் காக்க வேணுமெண்டு. புதுச் சாமான். ஊர்க் கண் பொல்லாதது. அதான் அம்மாளையே இதுக்குக் காவலா வச்சன். கரைக்குக் கிட்டக் கிட்ட அவிழ்த்திருவன். மீன் ஊத்தைக்குள்ள தகடு கிடக்கப்படாது."

அந்தக் கடலாளியின் முகத்தில் தான் சரியானதைச் செய்த நிறைவு இருந்தது. றஞ்சிதாவின் கோபம் அந்த இடத்திலேயே கரைந்தது. அடிபடாமல் காக்கச் சொன்னவள் அவள். மறைக்காமல் காக்கச் சொல்ல மறந்தவளும் அவளே. பிழையில் பாதி தன்னுடையது.

"மாமா, கோவிக்கப்படாது. மெசின் கண்மூடுறது இந்தத் தகட்டாலதான். செய்மதி மேல, வானத்தில. அதுட சத்தம் இந்தக் காளானுக்குள்ள இறங்க வேணும். செம்பு அத இறங்க விடாது. கண்ணுக்கு மேல தகட்ட வச்சுக் கட்டினா உங்களுக்குத் தெரியுமா?"

கேதீசன் இப்போது முழுதாகத் திரும்பியிருந்தான். "அடி ஆத்தே!" என்று வாய்விட்டுச் சிரித்தான். "மூண்டு நாளா மெசினுக்குத் தொப்பி போட்டுக் கொண்டுபோய்த்தான் காட்டல்ல காட்டல்ல எண்டு கத்தினீங்களா மச்சான்?"

வீரகத்தியின் முகம் இருண்டது. "நீ வாயப் பொத்து." பிறகு றஞ்சிதாவிடம், "கடலுக்க கட்டினதக் கடலுக்க அவிழ்க்கிறல்ல. கரை கிட்டத்தான் அவிழ்ப்பம். என்ட அப்பா காலத்தால அப்படித்தான். திரும்புவம். கரையில அவிழ்த்துக் காட்டுறன்" என்றார்.

"கரையில எப்பவும் காட்டுதுதானே. சாட்சி கடலுக்க வேணும்" என்றாள் றஞ்சிதா.

"அது உண்மைதான்" என்றான் கேதீசன், சிரிப்பு அடங்காமலே. "தலைவர் சொன்னது கடலில எண்டு."

வீரகத்தி சுக்கானைத் திருப்பினார். படகைக் கிழக்கே செலுத்தினார். பேசாத மனிதனோடு யாரும் வாதாட முடியாது. பத்து நிமிடம் இயந்திரத்தின் இரைச்சல் மட்டுமே கேட்டது.

அவர்கள் மூவரும் முரண்பட்டுக் கிடந்த வேளையில் வாடைக்காற்று தன் வேலையைப் பார்த்தது. வடகிழக்கே கறுத்துத் திரண்ட மழை கடலைச் சாம்பலாக்கிக்கொண்டு வந்தது. முதலில் தொலைபேசிக் கோபுரம் மறைந்தது. கோபுரத்துக்கு நேரே குடும்பிமலை வரும்படி பார்த்துத்தான் அந்தக் கரையார் வழி பிடிப்பார்கள், மலையும் மறைந்தது. அடுத்த நொடியில் மழை படகின்மேல் விழுந்தது. இரண்டு ஆள் நீளத்துக்கு அப்பால் உலகமே இல்லை.

வீரகத்தி இயந்திரத்தை நிறுத்தினார். நீரோட்டம் படகை மெல்லத் திருப்பியது. திருப்பிய பிறகு எந்தப் பக்கம் எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கேதீசன் பொலித்தீன் பைக்குள் இருந்த கைத்தொலைபேசியை எடுத்தான். ஈர விரலுக்கும் மழைத் துளிக்கும் அந்தத் திரைக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறந்தது. இரண்டு நிமிடத்தில் அது நனைந்து அணைந்தது. அவன் சிரிப்பும் அதோடு அணைந்தது. வாளியை எடுத்துத் தண்ணீர் இறைக்கத் தொடங்கினான்.

"மச்சான், பார் எந்தப் பக்கம்? இழுத்துக்கொண்டு போய் அதில அடிச்சா முடிஞ்சுது!"

றஞ்சிதா எழுந்து நின்றாள். ஆடும் படகில் தண்டைப் பற்றிக்கொண்டு நின்றாள். மழைக்கு மேலாகக் கேட்கும்படி அவள் பேசினாள். இத்தனை நாள் தொண்டைக்குள் அடக்கியதெல்லாம் சேர்ந்து பேசியது.

"மாமா! அம்மாள் உங்களக் காக்க வந்தவ. கண்ணக் கட்ட வந்தவ இல்ல. நெருப்ப ஏவி நீதி கேட்டவ, நீங்க வழி தெரியாமப் பாரில அடிபட்டுச் சாகிறதப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கிறதோ? அவவ அவமதிக்கச் சொல்லல்ல. இருந்த இடத்தில, அணியத்தில வைங்க எண்டுதான் சொல்றன். நான் அவிழ்க்கமாட்டன். நீங்க நம்பிக் கட்டினது, நீங்கதான் அவிழ்க்க வேணும். ஆனா இப்ப அவிழ்க்க வேணும்!"

வீரகத்தி அவளைப் பார்த்தார். மழை அவர் முகத்தில் வழிந்தது. கடலில் நாற்பது ஆண்டுகள் கழித்த மனிதர், காற்றுக்குப் பணியாதவர், ஆனால் தந்தை போட்ட முடிச்சுக்குப் பணிந்து பழகியவர். அந்த முடிச்சை அவிழ்ப்பது எந்தப் புயலைக் கடப்பதைவிடவும் கடினம். எங்கோ இடப்பக்கத்தில், மழைச் சத்தத்துக்குள்ளே, பாறையில் அலை உடையும் ஓசை கேட்டது.

அவர் கை தண்டுக்குப் போயிற்று. நனைந்த தங்கூசி இறுகிக் கிடந்தது. நகத்தால் முயன்றார், பல்லால் கடித்து அறுத்தார். தகடு கையோடு வந்தது. வைக்க இடம் தேடினார். கீழே மீன் சேறும் தண்ணீரும். கேதீசனின் இரண்டு கையிலும் வாளி. தன் கைக்குச் சுக்கான் வேண்டும்.

"பிடி புள்ள" என்றார்.

"நானோ?"

"வேற ஆரு கிடக்கா? பிடி!"

அவள் இரு கைகளாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். திரையைப் பார்த்தாள். ஒரு கோடு. இரண்டு. இரண்டிலேயே நின்றது, நின்ற அந்தச் சிறு பொழுது அவளுக்கு நான்கு ஆண்டுகளைவிட நீளமாயிருந்தது. மூன்று. ஐந்து. ஏழு. 'கரை' என்று அவள் பதித்த எழுத்து திரையின் மூலையில் தோன்றியது. அம்புக்குறி சுழன்று ஒரு திசையில் நிலைத்தது.

"ஒண்டரைக் கிலோமீற்றர்!" என்று கூவினாள். "போட்டத் திருப்புங்க மாமா. வலப்பக்கம். இன்னும். இன்னும் கொஞ்சம். நேர!"

வீரகத்தி திருப்பினார். அவர் நெஞ்சு கரை வேறு திசையில் இருப்பதாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒருமுறை தலை அந்தப் பக்கம் திரும்பியது. ஆனாலும் சுக்கான் அவள் சொன்ன வழிக்கே போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத கடலில், ஒரு பெண்ணின் குரலைப் பிடித்துக்கொண்டு அந்தப் படகு வந்தது.

அரைக் கிலோமீற்றர் மிஞ்சியபோது திரையில் அந்த மெல்லிய கறுப்பு நூல் தெரிந்தது: காலையில் வாயிலைக் கடந்து வந்த தடம்.

"இனி இந்தக் கோட்டுல போனாச் சரி. நீங்களே பாருங்க மாமா. கோடு இடப்பக்கம் போனா நீங்களும் இடப்பக்கம்."

அவர் கண்களைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பாறையில் அலை வெடித்தது. ஓசை கேட்டதே தவிர உருவம் தெரியவில்லை. நடுவே, நூல் போட்ட பாதையில், படகு வழுக்கி உள்ளே வந்தது. கேதீசன் இறைப்பதை மறந்து வாளியோடு உட்கார்ந்திருந்தான்.

மழை மெலிந்தபோது அவர்களுக்கு நேரெதிரே ஆட்கள் நின்றார்கள். புறப்பட்ட அதே இடம், பத்தடிகூட விலகவில்லை. சீனிப்பிள்ளை நனைந்து நடுங்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கி நின்றாள். கரையில் நின்றவர்கள் ஓடிவந்து படகைப் பிடித்தார்கள். தகட்டை நெஞ்சில் அணைத்தபடி நின்ற பெண்ணைக் கண்டதும் பிடித்த கைகள் ஒரு கணம் தயங்கின.

வல்லிபுரம் கேதீசனைக் கேட்டார். "என்ன, காட்டினதா?"

கேதீசன் வாய் திறந்தான். அதற்குள் வீரகத்தி கையை உயர்த்தினார்.

"நான் சொல்றன். மெசினில பிழை இல்ல. பூட்டினதில பிழை இல்ல. மூண்டு நாளும் அதுட கண்ண மறைச்சுக் கட்டினவன் நான். அம்மாள்ற தகட்ட அதுக்கு மேல கவிழ்த்து வச்சன். இந்தப் புள்ள ஏறாட்டி ஆருக்கும் தெரிஞ்சிராது. ஏறாட்டி நாங்களும் வந்திருக்கமாட்டம்." அவர் நிறுத்தினார். தன் தவறைத் தானே ஊர் முன்னால் சொல்லும் மனிதனின் முதுகு வளையாமல் நின்றது. "டவுனில இருந்து ஆள் தேவையில்ல. என்ட போட்டுல இவ எப்பவும் ஏறலாம். இத நான் சொல்றன்."

"சாட்சி என்ன சொல்லுது?" என்றார் வல்லிபுரம்.

கேதீசன் வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றான். "என்னத்தச் சொல்ற? மழைக்குள்ள நான் அம்மாளக் கும்பிட்டன். அம்மாளப் பிடிச்சுக்கொண்டு நிண்டது இவ. ஆரு காப்பாத்தின எண்டு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியா. ஆனா கரையக் காட்டினது மெசின். ஏழு கோடு. என்ட கண்ணால பாத்தன்."

வல்லிபுரம் சங்கக் கொப்பியை வாங்கினார். பூட்டுபவர் என்ற இடத்தில் இதுவரை ஏறாவூர்க் கடையின் பெயர்தான் இருந்தது. அதை வெட்டிவிட்டு, பதினொரு படகுகளுக்கும் நேராக, றஞ்சிதா என்று எழுதினார். ஈரக் கையால் எழுதியதால் மை கொஞ்சம் பரவியது. அவர் அதை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரவையொலி எழுந்தது. அது முடியுமுன் இன்னொன்று எழுந்தது. சீனிப்பிள்ளை தகட்டைத் திரும்ப வாங்கியபோது றஞ்சிதாவின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

தான் பிறந்த கடற்கரையில் அன்று றஞ்சிதா தலை நிமிர்ந்து நின்றாள். யாரையும் தாழ்த்தி அவள் உயரவில்லை. வேலை தெரிந்த கை தன் நியாயமான இடத்தைக் கேட்டது; பெற்றது. இதைவிடப் பெரிய வெற்றி ஒரு தொழிலாளிக்கு எது?

மறுநாள் காலை கேதீசனின் படகு. மணலில் நின்ற படகுக்குப் பக்கத்தில் அவன் கையை நீட்டினான். அவள் கருவிப் பையை அந்தக் கையில் கொடுத்துவிட்டுத் தானாகவே ஏறினாள்.

"சுக்கான் பிடிக்கிற மாதிரி இருங்க அண்ணன். உங்கட கண் மட்டத்துக்குத்தான் திரை வைக்க வேணும்."

அவன் உட்கார்ந்தான். "தங்கச்சி, இந்தக் காளானுக்குச் சாப்பாடு ஏதும் குடுக்க வேணுமா?"

"பகிடி விடாதீங்க. இதுக்கு மேல வானத்தத் தவிர ஒண்டும் இருக்கப்படாது. தகடும் இல்ல, சாறமும் இல்ல, உங்கட தொப்பியும் இல்ல. அடிபடாமலும் பாக்க வேணும், மறைக்காமலும் பாக்க வேணும். ரெண்டையும் சொல்லிப்போட்டன்."

"சரி சரி." அவன் தலையைச் சொறிந்தான். கரையில் யாராவது நிற்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "எனக்கு ஒரு கல்லு தெரியும். கலவாய் மீன் கிடக்கிற கல்லு. என்ட மச்சினனுக்குக் கூடச் சொன்னல்ல. அத இதுக்குள்ள போட்டு வைக்க ஏலுமா?"

"ஏலும். அங்க போயிருக்கக்குள்ள இந்தப் பொத்தான அமத்தினாச் சரி."

"எனக்கு எங்க இதெல்லாம் அமத்தத் தெரியும்? நீதான் வர வேணும்." சற்று நிறுத்தினான். "நாளைக்கு விடியப் போவமா? வெளியில ஆருக்கும் சொல்லப்படா."

நேற்றுவரை படகில் பாதம் படக்கூடாதென்றவன், இன்று தன் படகின் மிக ஆழமான இரகசியத்தை அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"விடிய எத்தின மணிக்கு?" என்று கேட்டாள் றஞ்சிதா.

"அஞ்சு."

"அஞ்சுக்கு நிப்பன்" என்றாள். பலகையில் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, முதல் துளை விழவேண்டிய இடத்தில் பென்சிலால் குறி போட்டாள்.